கடலோரத் தோட்டத்தில் ஆவாரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, கமுதி பக்கம் ரோட்டோரத்தில் யாரும் சொட்டுத் தண்ணீர் விடாமலே பூத்துக் கிடக்கிறது ஆவாரை. அதே செடியை மண்டபத்திலோ கீழக்கரையிலோ வீட்டு வாசலில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால், ஆறு மாதத்தில் நுனி கருகிச் சாகிறது. வறட்சி தாங்கும் செடி எதையும் தாங்கும் என்று நினைப்பதில்தான் கோளாறு. ஆவாரை வறட்சியை நன்றாகவே தாங்கும். உப்பை ஓரளவுக்குத்தான் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்கவே தாங்காது.

முதலில், வாங்குவது ஆவாரைதானா என்று பாருங்கள். மஞ்சளாகப் பூப்பதையெல்லாம் ஆவாரை என்று கொடுத்துவிடுகிறார்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி அகலமான சிற்றிலை இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். இலை முதிர்ந்தாலும் இந்தச் சிற்றிலை உதிராது. அது இருந்தால் ஆவாரை. பூ குழாய் போல நீண்டிருந்தால் அது தங்க அரளி.

இடம் பார்ப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கடலைப் பார்த்த முதல் வரிசை ஆவாரைக்கு ஏற்றதல்ல. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வைகாசி முதல் ஆவணி வரை, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று உப்புத் துளியை அள்ளி வீசும். தொண்டி, தேவிபட்டினம் இருக்கும் வடகடல் பக்கம் கார்த்திகை, மார்கழி வாடையில் அதே கதை. இலையில் படியும் உப்பு ஈரத்தை உறிஞ்சி, காற்றுப் பக்கத்து இலைகளை ஓரத்திலிருந்து கருக்கும். மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். ஒருபக்கம் மட்டும் கருகினால் நோய் என்று மருந்தைத் தேடாதீர்கள், காற்றுதான் காரணம். முன்வரிசையைத் தாழை, புன்னை, பூவரசுக்கு விட்டுவிட்டு, ஆவாரையைப் பின்னால் வையுங்கள். அவை வளரும் வரை ஐந்தடி உயரப் பனைமட்டை வேலி போதும். வேலியில் சந்து இருப்பது நல்லது: கெட்டிச் சுவரில் மோதும் காற்று மேலேறி, அந்தப் பக்கம் சுழன்று விழும்.

காட்டுச் செடியைப் பிடுங்கி வந்து நடுவது வீண் வேலை. ஆவாரைக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். முழங்கால் உயரச் செடிக்கே கடப்பாரை வேண்டியிருக்கும், அதற்குள் வேர் அறுந்துவிடும். விதைதான் சரியான வழி. காய் பழுப்பேறிக் காய்ந்ததும் பறித்து, பொத்தல் விழுந்த விதைகளைக் கழித்துவிடுங்கள். உள்ளே வண்டு தின்றிருக்கும். மிச்சத்தை அப்படியே ஊன்றினாலும் பாதிக்கு மேல் முளைக்காது, தோல் அவ்வளவு கெட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கிச் சில நிமிடம் கழித்து விதையைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே ஆறவிடுங்கள். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் வெந்துவிடும். காலையில் ஊதியிருப்பவை முளைக்கத் தயார். ஊதாதவற்றை உப்புத்தாளில் லேசாக உரசி, மறுபடி ஊறவையுங்கள்.

பருவம் தவறினால் இத்தனையும் பாழ். இந்த மாவட்டத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடிக் கடைசியில் பையில் ஊன்றி, ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ததும் நடுங்கள். இரண்டரை மாதத்துக்கு மேல் பையில் கிடந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும், பிறகு நட்டாலும் கீழே இறங்காது. பையே வேண்டாம் என்றால் புரட்டாசிக் கடைசியில் நேராகத் தரையில் ஒரு குழிக்கு மூன்று விதை போட்டு, வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். எங்கள் பார்வையில் இதுவே மேல். செடிக்குச் செடி நாலரை அடி, வேலியாக வைப்பதென்றால் மூன்றடி.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம் போதும். அதை உரத்தால் நிரப்புவதுதான் கெடுதல். மக்கிய தொழுவுரம் ஒரு கிலோ, எடுத்த மண்ணோடு கலந்து போட்டால் முடிந்தது. மக்காத சாணம் போட்டால் கரையான் ஏறும். யூரியா வேண்டாம், இலைதான் செழிக்கும், பூ குறையும். கரையில் ஒதுங்கும் பாசியை அள்ளிவந்து மூடாக்கு போடுபவர்கள், அதை ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் நனையவிட்டு உப்பு கழிந்த பிறகே போட வேண்டும். களிமண்ணாக, தாழ்வாக இருக்கும் இடத்தில் குழியே வேண்டாம்; ஒரு அடி மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். பாத்தி கட்டினால் கார்த்திகை மழையில் செடி மூழ்கி வேர் அழுகிவிடும்.

இனி தண்ணீர். தினமும் ஒரு செம்பு ஊற்றுவது தாகம் தீர்ப்பதில்லை. ஈரம் மேலாகவே நின்றுவிட, வேரும் மேலாகவே பரவும். முதல் கச்சானில் செடி சாய்ந்துவிடும். மழை நின்றபின் முதல் மாதம் ஐந்து நாளுக்கு ஒருமுறை பத்து லிட்டர், பிறகு வாரம் ஒருமுறை, முதல் கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. அடுத்த மழைக்குப் பின் விட்டுவிடலாம். போர்த் தண்ணீர் வாயில் உப்புக் கரித்தால் மண், நீர் பரிசோதனையில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனைப் பாருங்கள். மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை ஊற்றுவதைவிடச் செடியைக் காயவிடுவது நல்லது. தூர்ப் பக்கம் மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். சேமித்த மழைத்தண்ணீரை ஒரேயடியாக முப்பது நாற்பது லிட்டர் விட்டுக் கீழே இறக்குங்கள். உப்புத் தண்ணீரை இலைமேல் ஒருபோதும் தெளிக்காதீர்கள்.

பவளக்கல் கலந்த பாம்பன், மண்டபம் மண்ணில் இன்னொன்று வரும்: கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. தண்ணீரைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். தொழுவுரமும் காய்ந்த இலைச் சருகும் போட்டு வந்தால் மெல்லத் தேறும்.

கத்தரிப்பதற்குப் புரட்டாசி ஆரம்பம்தான் நேரம், மூன்றில் ஒரு பங்கு. பூ கிளை நுனியில் வருவதால், கார்த்திகையில் வெட்டினால் பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒரு கொத்துகூட இருக்காது. செடி ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் புதராகக் கிளைக்கும்.

இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களைக் கண்டு மருந்தடிக்க ஓடாதீர்கள். பெரும்பாலும் வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். தின்ற இலை பத்துப் பதினைந்து நாளில் துளிர்த்துவிடும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து ரீங்கரித்து உலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். மருந்தில் அந்த வண்டு செத்தால் காய் பிடிப்பது குறையும், அடுத்த வருட விதையும் போச்சு. அதுவும் போக, அந்தப் பூவைத்தான் காயவைத்து டீ போட்டுக் குடிக்கிறோம்.