குழந்தையின் எடைக் கோட்டை வாசிக்கும்போது நேரும் தவறுகள்

ஆறு மாதப் பெண் குழந்தையின் எடை 6.2 கிலோ, பெர்சன்டைல் ஏறத்தாழ 10 என்று மருத்துவர் சொன்னதும், பிள்ளை நூற்றுக்குப் பத்து மதிப்பெண் வாங்கிவிட்டதைப் போலத் தாயின் முகம் வாடிவிடுகிறது. பெர்சன்டைல் மதிப்பெண் அன்று. வரிசையில் ஓர் இடம். அதே வயதுடைய நூறு நலமான பெண் குழந்தைகளை எடைப்படி நிறுத்தினால், சுமார் பத்துப் பேர் இவளைவிட எடை குறைவாக இருப்பார்கள் என்பதே அதன் பொருள்.

இதைவிடப் பெரிய தவறு, ஒரே நாளில் எடுத்த எடையை வைத்து முடிவு கட்டுவது. இக்குழந்தை இரண்டாம் மாதத்தில் 4.3 கிலோவும் நான்காம் மாதத்தில் 5.4 கிலோவும் இருந்திருந்தால், வளர்ச்சி அட்டவணையில் தன் பெர்சன்டைலுக்குரிய கோட்டை விட்டு விலகாமல் சீராகவே வளர்ந்து வருகிறாள். மாறாக, இரண்டாம் மாதத்தில் 5.6 கிலோவுடன் நடுக்கோட்டில் (50ஆவது பெர்சன்டைலில்) இருந்த ஓர் ஆண் குழந்தை, ஐந்தாம் மாதத்தில் 6.3 கிலோ மட்டுமே இருந்தால், ‘எடை கூடித்தானே இருக்கிறது’ என்று வீட்டார் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. அவன் 15ஆவது பெர்சன்டைல் கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டான். மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டியது இந்தக் குழந்தையைத்தான்.

சிறிய எண்ணைக் கண்டு பதறி, ஆறு மாதம் நிறையும் முன்பே புட்டிப்பாலும் பிஸ்கட்டும் கொடுக்கத் தொடங்குவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். குழந்தை மார்பில் குடிப்பது குறையக் குறைய, பால் சுரப்பதும் குறைந்துவிடும்.

‘வெளிநாட்டு அட்டவணை நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது’ என்பதும் சரியன்று. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல், இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனி அட்டவணை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

எடை பார்க்கும் விதத்திலும் கவனம் வேண்டும். நனைந்த டயப்பரோடும் ஸ்வெட்டரோடும் ஒரு முறை, வெற்றுடம்போடு மறுமுறை என்று வெவ்வேறு தராசுகளில் நிறுத்தால், வளராத எடை வளர்ந்ததாகவும் வளர்ந்த எடை குறைந்ததாகவும் தோன்றும்.

பிறந்த முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரங்களுக்குள் பிறப்பு எடையை எட்டிவிடுவார்கள். குறைப்பிரசவத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு: 32 வாரத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்து இப்போது ஆறு மாதமான குழந்தையின் எடையை, ஏறத்தாழ நான்கு மாதத்துக்குரிய இடத்தில்தான் குறிக்க வேண்டும், இரண்டு வயது வரை இப்படியே கணக்கிட வேண்டும்.