சிறார் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் கை கொடுத்துத் தாங்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் சிறார்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் கற்பிக்க முன்வரும் பயிற்சியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தையைத் தொடுவதற்கு முன், சாய்வு மெத்தையோ நுரைக்கட்டையோ அதே உதவியைச் செய்யுமா என்று பாருங்கள். தொடக்கநிலைப் பயிற்சிகள் பலவற்றுக்கு அவையே போதும்.

கை கொடுத்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. பின்னோக்கித் தாவி, கைகளை ஊன்றிப் புரண்டு, பாதங்களில் இறங்கும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கைக் கற்பிக்கும்போது பக்கவாட்டில் நின்று, ஒரு கையைக் கீழ் முதுகிலும் மற்றொன்றைத் தொடையின் பின்புறத்தில் முழங்காலுக்குச் சற்று மேலேயும் கொடுக்க வேண்டும். முதுகில் உள்ள கை எடையைத் தாங்கும். தொடையில் உள்ள கை கால்களைத் தலைக்கு மேலாகக் கொண்டுசெல்லும். விரல்களால் பற்றாமல், விரித்த உள்ளங்கையால் தாங்கி, பாதங்கள் மெத்தையில் ஊன்றியதும் இரு கைகளையும் எடுத்துவிட வேண்டும். குழந்தை தலைகுப்புற விழும் நிலை வந்தால், கை எங்கே படுகிறது என்று தயங்காமல் பிடித்துவிடுங்கள், ஏனெனில் கழுத்தைக் காப்பதே அப்போது முதல் கடமை. கை தவறான இடத்தில் பட்டிருந்தால் உடனே குழந்தையிடமும், அன்றே பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

கால்களை அகட்டி அமரும் பயிற்சியில் தோளையோ இடுப்பையோ அழுத்தித் தள்ளவே கூடாது. தசைப்பிடிப்புக்கு நீவிவிடுவதும் பயிற்சியாளரின் வேலையன்று.

எங்கே, எதற்காகக் கை வைக்கப்போகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் கேளுங்கள். நம் வீடுகளில் பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று பழக்கப்பட்டு, பயிற்சியாளரை அங்கிள் என்றும் ஆன்ட்டி என்றும் அழைக்கும் குழந்தைகள், விருப்பமில்லாதபோதும் தலையாட்டிவிடுவார்கள். ஆகவே, 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்ல வகுப்பிலேயே பழக்குங்கள். அப்படிச் சொன்ன குழந்தைக்கு மெத்தையை வைத்து வேறு வழியில் கற்பியுங்கள், வரிசையின் கடைசிக்கு அனுப்பாதீர்கள்.

பெற்றோர் உடன் அமர்ந்திருப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்து, 2018 இல் மிச்சிகனில் 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை பெற்ற லாரி நாசர், பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே சிறுமியரிடம் அத்துமீறியவர். சிகிச்சை என்ற பெயர் அவரை மறைத்தது. எந்தப் பயிற்சிக்கு எந்த இடத்தில் கை வைக்கப்படும் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோருக்குச் செய்து காட்டினால், மாறாக நடப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும். தனியறையில் ஒரு குழந்தையோடு மட்டும் பயிற்சி நடத்தாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளோடு பணிபுரிபவரின் பெயர், 2005 ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி பேணப்படும் பாதுகாப்புப் பதிவேட்டில் குழந்தைகளோடு பணிபுரியத் தகாதவர்களைப் பட்டியலிடும் இரண்டாம் பகுதியிலும், பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் இல்லை என்பதைப் பயிற்சி நடத்தும் மன்றம் சரிபார்க்க வேண்டும். தன்னார்வலர் என்பதற்காக இதைத் தளர்த்துவது தவறு. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2007 ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின்படி எவரும் உடனே காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி மன்றத்துக்குள்ளேயே பேசி முடிப்பது குற்றமாகும். குழந்தைகள் தாங்களே பேச விரும்பினால், கட்டணமில்லாமல் 116 என்ற எண்ணில், குழந்தைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்டுலைனை அழைக்கலாம். அந்த எண்ணை உடைமாற்றும் அறையின் கதவில், குழந்தைகளின் கண் மட்டத்தில் ஒட்டிவையுங்கள்.