தேயிலைத் தோட்டத்துப் புள்ளைங்கள இயற்கையப் பாக்க மலைக்குக் கூட்டிட்டுப் போக நெனைக்கிறவங்களுக்கு

"நாங்கதான் மலையில அட்டக்கடி வாங்கிட்டுக் கெடக்கிறோம், எம்புள்ளையும் காட்டச் சுத்தணுமா தம்பி?" மொத தடவ புள்ளைங்களக் கேட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போனப்ப ஒரு அக்கா இஸ்தோப்புல, வாசத் திண்ணையில, நின்னுகிட்டு இப்படித்தான் கேட்டாங்க. எனக்கு பதில் வரல. நீங்களும் உங்க தோட்டத்துல இந்த வேலைய ஆரம்பிச்சா மொத நாளே உங்ககிட்டயும் இதத்தான் கேப்பாங்க, அதுல நியாயமும் இருக்கு. டவுன் புள்ளைக்கு மலைன்னா ட்ரிப், நம்ம சனத்துக்கு மலைன்னா நாள் சம்பளத்துக்குப் பேர் போடுற எடம், கொழுந்து நிறுக்கிற எடம், குளவி கொட்டுற எடம். புள்ள படிச்சு இந்த மலையவிட்டு எறங்கிப் போகணும்னுதான் தாய் தகப்பன் கஷ்டப்படுறாங்க. அதனால பைனாகுலர் வாங்குறது, டீசர்ட் அடிக்கிறது எல்லாம் அப்புறம், மொதல்ல இந்தக் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும்.

இப்ப நான் சொல்ற பதில் இதுதான், "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சது உங்க புள்ளைக்குத் தெரியாது, அதத்தான் நாங்க படிக்கப் போறோம்." இத வாயால சொன்னா மட்டும் போதாது, செஞ்சும் காட்டணும். எப்படின்னா, புள்ளைங்களச் சேக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம் நீங்க மட்டும் தனியா தோட்டத்துல சுத்துங்க. முப்பது வருசம் கொழுந்தெடுத்த பாட்டிமார், கவ்வாத்து வெட்டுறவங்க (தேயிலச் செடியக் கழிக்கிறவங்க), கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்) வெட்டுறவங்க, ராவுல காவல் பாக்கிறவரு, மேல ஊத்துல இருந்து தண்ணிக் குழாய் பாக்கிறவரு, இவங்க கூட போய் பேச்சுக் குடுங்க. எந்தச் செடிக்கு என்ன பேரு, எந்த மரத்துல குளவிக்கூடு, எந்தப் பக்கம் மரை மான் எறங்குது, எந்த ஊத்து கோடையிலயும் வத்தாது, எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்க. அவங்க சொல்ற பேரையே எழுதுங்க, திருத்தாதீங்க. ஒரு பாட்டி என்கிட்ட ஆறுமணிக்குருவியப் பத்திச் சொன்னாங்க, மணிக்கூடு இல்லாத காலத்துல அது கத்துனா பெரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துக்குக் கெளம்பிருவாங்களாம். அந்தக் குருவி ஐப்பசி வாக்குல இந்தியாவுல இருந்து வந்து சித்திரையோட திரும்பிப் போயிரும், விடியக்காலையிலயும் அந்தியிலயும்தான் அதிகமா கத்தும். எனக்கு அதப் புத்தகத்துல பாத்துத் தெரியும், பாட்டிக்கு அவங்க வேலையில இருந்து தெரியும். புள்ளைங்க காது குடுத்துக் கேட்டது பாட்டி சொன்னதத்தான்.

பெர்மிசன் விசயத்த சுருக்கமா சொல்லிடுறேன். தொரைட்ட, அதாவது தோட்ட மேனேஜர்ட்ட, எழுத்துல கேளுங்க, தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டி, ஸ்கூல் அதிபர் மூணு பேருக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க, தாய் தகப்பன் கையெழுத்து இல்லாம ஒரு புள்ளையையும் கூட்டிட்டுப் போகாதீங்க. மொத நாளு சாயங்காலம் வேலைய மேற்பார்வை பாக்கிற கணக்கப்பிள்ளையிட்ட எந்த மலைக்கு மருந்து அடிச்சாங்கன்னு கேட்டுக்கங்க, மருந்தடிச்ச மலைப்பக்கமே போகக்கூடாது, புள்ளைங்க கண்டதப் பிச்சு வாயில வைப்பாங்க.

எத்தன பேருன்னா பத்து, மிஞ்சிப்போனா பன்னெண்டு. நான் மொத தடவ இருபத்தி மூணு பேரக் கூட்டிட்டுப் போனேன், முன்னால போறவங்க வளைவுல மறைஞ்சிட்டா பின்னால என்ன நடக்குதுன்னே தெரியல, கத்திக் கத்தி தொண்டையும் போச்சு, ஒரு குருவியும் பாக்கல. பெரியவங்க ரெண்டு பேர் கட்டாயம், ஒருத்தர் முன்னுக்கு, ஒருத்தர் கடைசியில. ஞாயித்துக்கெழம காலையில ஆறரைக்குப் போய் ஒம்பதுக்குள்ள திரும்பிடணும், அதுக்கு மேல டியூசன் இருக்கும். டியூசனோட போட்டி போடாதீங்க, ஸ்கொலர்சிப் வருசத்துப் புள்ளைய மறிச்சா அடுத்த வாரம் அந்த வீட்டுல இருந்து யாரும் வர மாட்டாங்க.

மொத வாரமே உச்சிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நெனைக்காதீங்க. பீலிக்கரைக்குப் போங்க. ஆமா, குழாயில மலைத்தண்ணி கொட்டுற, தெனமும் குளிக்கிற அதே பீலிதான். அங்க நிறுத்தி ரெண்டே கேள்வி கேளுங்க, இந்தத் தண்ணி எங்க இருந்து வருது, எங்க போகுது. முதல் கேள்விக்கு மேல ஏறணும், குழாய் போற வழியிலயே போனா தேயிலை முடியிற எடத்துல காட்டுக்குள்ள ஒரு ஊத்து இருக்கும், அந்தக் காட்ட வெட்டுனா என்ன ஆகும்னு நீங்க சொல்லவே வேணாம், பாத்தாலே புரியும். ரெண்டாவது கேள்விக்கு மேப் வேணும். நாங்க மஸ்கெலியா பக்கம். எங்க பீலித்தண்ணி ஓடையில விழுந்து மவுசாக்கலை டேமுக்குப் போகுது, தண்ணி வத்துற காலத்துல அதுக்குள்ள இருந்து பழைய மஸ்கெலியாவோட கோயில் தலை காட்டும், அத எல்லாப் புள்ளையும் பாத்திருக்கும். அங்க இருந்து கெனியன், லக்சபானன்னு கரண்டு எடுத்துகிட்டே எறங்கி, நோர்வூட் பக்கத்துல இருந்து காசல்ரீ வழியா வர்ற கெஹெல்கமு ஓயாவோட கித்துல்கல பக்கம் சேந்து களனி கங்கையாகுது. அம்பத்தலையில அந்தத் தண்ணியச் சுத்தம் பண்ணித்தான் கொழும்புக்கு அனுப்புறாங்க. கொழும்புல கடையில வேல செய்ற அண்ணன் இருக்கிற பையன் ஒருத்தன் இதக் கேட்டுட்டு, "அப்ப எங்கண்ணன் குடிக்கிறது நம்ம தண்ணியா"ன்னு கேட்டான். அன்னைக்கு நான் வேற ஒன்னுமே சொல்லிக் குடுக்கல.

நீங்க தலவாக்கலை, நானுஓயா பக்கம்னா உங்க தண்ணி கொத்மலை ஓயா வழியா மகாவலியில சேரும், மொத்தம் 335 கிலோமீட்டர் நீளமான அந்த ஆறு திருகோணமலையில கடல்ல விழும். அப்புத்தளைக்காரங்களுக்கு இன்னும் நல்ல பாடம் இருக்கு, அந்த மலைமுகட்டுக்கு வடக்க விழுற மழை மகாவலிக்கு, தெக்க விழுறது தெக்குக் கடலுக்கு, ஒரே டவுன்ல ரெண்டு பக்கம்.

இப்ப முக்கியமான விசயம். புள்ள கேட்டா ஒடனே பதில் சொல்லாதீங்க. இதுதான் ரொம்ப கஷ்டம், நமக்குத் தெரிஞ்சத கொட்டணும்னு வாய் துடிக்கும். "இது என்ன குருவி?"ன்னு கேட்டா "வால் என்ன செய்யுது பாரு, தரையில நடக்குதா தத்துதா, எந்த மரத்துல உக்காருது, தனியாவா சோடியாவா?"ன்னு திருப்பிக் கேளுங்க. பேரச் சொன்ன நிமிசமே புள்ள பாக்கிறத நிறுத்திரும், கொப்பியில எழுதிட்டு அடுத்ததக் கேக்கும். பேரு கடைசியில வரட்டும், முடிஞ்சா வீட்டுல பாட்டியிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

அப்புறம் ஆளுக்கொரு எடம். ஒவ்வொரு புள்ளையும் தனக்குன்னு ஒரு எடத்த எடுத்துக்கணும், ஒரு கல்லு, ஒரு சவுக்கு மரத்தடி, கான் ஓரம், எதுன்னாலும் சரி, ஆனா உங்க கண்ணுக்குத் தெரியிற தூரத்துல. வாரா வாரம் அதே எடத்துல பேசாம பத்து நிமிசம் உக்காரணும். மொத மூணு வாரம் சிரிப்பும் கல்லெறியும்தான், விட்டுருங்க. அஞ்சாவது ஆறாவது வாரத்துல ஒரு புள்ள வந்து, "இன்னைக்கு கொண்டைக்குருவி எல்லாம் ஒரே பக்கமா பாத்துக் கத்துச்சு, பாத்தா பாம்பு"ன்னு சொல்லும். அங்கதான் நம்ம வேல ஆரம்பிக்குது. குருவி, அணில், கொரங்கு போடுற சத்தத்த வச்சு என்ன வருதுன்னு தெரிஞ்சுக்கிறது நம்ம பெரியவங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விசயந்தான், புதுசு இல்ல.

மழை அளக்குறத எல்லாத் தோட்டத்துலயும் செய்யணும்னு நான் கெஞ்சியே கேப்பேன். 2014 ஒக்டோபர் 29ல கொஸ்லந்த மீரியபெத்தயில மண்சரிஞ்சு லயத்தோட சனம் பொதஞ்சது, 2025 நவம்பர்ல டித்வா புயல்ல மலையகம் பூரா பட்ட பாடு, இதெல்லாம் நம்ம புள்ளைங்களுக்குக் கதை இல்ல, சொந்தக்காரங்களப் பறிகுடுத்த புள்ளைங்க உங்க கூட்டத்துலயே இருக்கலாம், அதனால பயமுறுத்துற மாதிரி பேசாதீங்க. செய்ய ஏதாவது குடுங்க. ஒன்னரை லீட்டர் போத்தல், பக்கவாட்டு நேரா இருக்கிறதா பாத்து எடுங்க. மேல் பக்கத்த வெட்டி, தலைகீழா அதே போத்தல்ல புனல் மாதிரி வைங்க. அடியில கூழாங்கல்லுப் போட்டு, கொஞ்சம் தண்ணி ஊத்தி, தண்ணி நிக்கிற மட்டத்துல ஒரு கோடு போட்டா அதுதான் சைபர், அதுல இருந்து மேல அடிமட்டத்த வச்சு மில்லிமீட்டர் கோடு போடுங்க. வாயும் உடம்பும் ஒரே அகலமா இருந்தாத்தான் கோடு சரியான மழைய காட்டும். கூரை, மரம் பக்கத்துல இல்லாத வெட்டவெளியில, காத்துல சாயாம கட்டி, தெனமும் காலையில ஏழு மணிக்குப் பாத்து எழுதிட்டு திரும்ப சைபருக்குக் கொண்டு வரணும். 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டுனா விழிப்பா இருக்கணும், 100 தாண்டுனா எந்த நேரமும் கெளம்பத் தயாரா இருக்கணும், 150 தாண்டுனா அந்த எடத்த விட்டுக் கெளம்பிப் போயிரணும், கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வச்சிருக்கிற கணக்கு இது. அதுக்காக போத்தல் 75 காட்டலையேன்னு சும்மா இருக்கக் கூடாது, நெலத்துல புதுசா வெடிப்பு, மரம் சாயிறது, ஊத்து திடீர்னு கலங்குறது இல்ல நின்னு போறது, சொவரு பொளக்கிறது, இதுல ஒன்னப் பாத்தாலும் பெரியவங்ககிட்ட ஓடிப்போய் சொல்லணும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட அவசர நம்பர் 117க்கு அடிக்கணும். இத ஒரு பத்து வயசுப் புள்ளையால செய்ய முடியும், செய்யுதுங்க. எங்க கொப்பி மொதல்ல சொன்னேனே அந்த அக்கா வீட்டு இஸ்தோப்புலதான் தொங்குது, ஏழு மணிக்கு அவங்க மலைக்குப் போயிருப்பாங்க, மகன்தான் எழுதுறான்.

குளவி. நாம குளவின்னு சொல்றது பெரும்பாலும் மரத்துல பெரிய தட்டாக் கட்டுற மலைத்தேனீதான். கூடு இருக்கிற மரத்துக்குக் கீழ போற பாதையவே மாத்துங்க. கல்லெறியக் கூடாது, பொக போடக் கூடாது, சென்ட் பூசிகிட்டு வரக் கூடாது. கழுகோ கொரங்கோ கூட்டுப்பக்கம் போறதப் பாத்தா அப்பவே திரும்பிடுங்க, அதுங்க கலைச்சு விட்டுட்டுப் போயிரும், கொட்டு வாங்குறது நாம. வந்திருச்சுன்னா படுக்காதீங்க, நின்னு கைய வீசாதீங்க, மூஞ்சியத் துணியால மூடிகிட்டு வீடு, வாகனம்னு மூடுன எடத்துக்கு ஓடணும், சின்னப் புள்ளைய பெரிய புள்ள இழுத்துகிட்டு ஓடணும்னு முன்னாடியே சோடி சேத்து வைங்க. கொடுக்கு தோலுல நின்னா நகத்தால சொரண்டி ஒடனே எடுங்க, அது உள்ள இருக்கிற வரைக்கும் வெசம் எறங்கும், அந்த வாசத்துக்கு மத்ததும் வரும். நெறைய கொட்டுனாலும், மூச்சு வாங்குனாலும், மூஞ்சி வீங்குனாலும் காத்திருக்காம 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்பியூலன்ஸுக்கு காசில்ல. போற வழியில எங்க சிக்னல் கெடைக்குதுன்னு முதல்லயே பாத்து வைக்கிறது உங்க வேல.

அட்டைக்கு நம்ம வைத்தியம் போதும், கால்ல ஈரச் சவர்க்காரம் தேச்சுட்டுப் போங்க, கடிச்சா பிச்சு எறியாம வாய்ப்பக்கம் நகத்த விட்டு நெம்புங்க.

புலி, அதாவது சிறுத்தை, நம்ம தோட்டத்துலயே குடியிருக்கு, அதுவும் அந்திக்கு மேல நாய் தேடி வரும். அதனால சாயங்கால நடை வேண்டாம். பாத்துட்டா ஓடாம, கூட்டமா நின்னு மெதுவா பின்னால வாங்க. அதவிட நான் புள்ளைங்களுக்கு அதிகமா சொல்றது கம்பித் தடத்தப் பத்தி, அதாவது சுருக்குக் கண்ணி. காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பியிலதான் சிறுத்தை மாட்டுது, 2020 மே மாசம் எங்க பக்கத்துல நல்லதண்ணியில கருஞ்சிறுத்தை ஒன்னு அப்படி மாட்டி, காப்பாத்தக் கொண்டு போயும் செத்துப் போச்சு. புள்ள கம்பியப் பாத்தா தொடக்கூடாது, யாரு வச்சதுன்னு கேக்கவும் கூடாது, உங்ககிட்ட எடத்த மட்டும் சொல்லணும், மிச்சத்த நீங்க பெரியவங்களோட பேசுங்க. வச்சது அந்தப் புள்ளையோட சித்தப்பாவாவே இருக்கலாம், பன்னி தின்ன கெழங்குப் பாத்தி அவரோடதா இருக்கலாம். ஒரு புள்ளைய சொந்த வீட்டுக்கு எதிரா நிக்க வச்சுட்டு நாம இயற்கை பேசக் கூடாது.

பேரு விசயத்துல ஒரு கொற இருக்கு. இலங்கையில மட்டுமே இருக்கிற குருவி முப்பதுக்கு மேல, அதுல பல வகை நம்ம மலையிலதான், ஆனா நெறையத்துக்கு நம்ம சனம் கூப்புடுற தமிழ்ப் பேரு கெடையாது. சிங்களப் பேரையும் சேத்துப் படிச்சுக் குடுங்க, ஆறுமணிக்குருவி அவங்களுக்கு அவிச்சியா, பக்கத்துக் கிராமத்துப் புள்ளைங்களோட பேச ஒரு வழி கெடைக்கும். பேரே இல்லாததுக்கு புள்ளைங்களையே பேரு வைக்கச் சொல்லுங்க. காதுகிட்ட மஞ்சக் குஞ்சம் வச்ச கொண்டைக்குருவிக்கு எங்க புள்ளைங்க "மஞ்சத்தோடு"ன்னு வச்சிருக்காங்க, எனக்கு இப்ப வேற பேரு வாயில வர்றதில்ல.

ஹோர்ட்டன் சமவெளி எல்லாம் ஒரு வருசம் கழிச்சு வச்சுக்கங்க. போனா விடியக் கேட் தெறக்கிற நேரத்துக்கே போங்க, பத்து மணிக்கு மேல உலக முடிவுங்கிற செங்குத்து மலை விளிம்புல பனிமூட்டந்தான் தெரியும். பொலித்தீன உள்ள விட மாட்டாங்க, ரொட்டிய இலையில சுத்திட்டுப் போங்க. எங்க பக்கம் மே மாசத்துல இருந்து மழை புடிச்சா லேசுல விடாது, அதனால தை, மாசிதான் நல்ல காலம்.

கடைசியா பொம்பளப் புள்ளைங்க. பன்னெண்டு, பதிமூணு வயசானதும் வீட்டுல நிப்பாட்டிருவாங்க. கூட நடக்கிற ரெண்டு பெரியவங்கள்ல ஒருத்தர் பொம்பளையா இருந்தா பாதிப் பேராவது நிப்பாங்க, அதனால ஆரம்பத்துலயே ஒரு அக்காவப் புடிங்க, அவங்களுக்கு பஸ் காசும் சாப்பாடும் ஒங்க கணக்குல இருக்கணும். பதினஞ்சு தாண்டுன புள்ளைக்கு முன்னால நடக்கிற பொறுப்பக் குடுங்க, பாதைய அவளே தீர்மானிக்கட்டும், பிழையா திரும்புனா ஆபத்து இல்லாத வரைக்கும் வாய தெறக்காதீங்க. எங்க கூட்டத்துல இப்ப முன்னால போறது பதினாறு வயசுப் புள்ள ஒன்னு, நான் கடைசியில நடக்கிறேன், சவர்க்காரக் கட்டியும் தண்ணிப் போத்தலும் என் பையில.