குடந்தைப் பக்கம் போனால் பட்டறைகளையும் பாருங்கள்

ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கும்பகோணத்துக்கு ஒன்றரை நாள் ஒதுக்குவார்கள். நவக்கிரகக் கோயில்கள், ஒரு பட்டுக்கடை, டிகிரி காபி, அப்புறம் கார் திருச்சிக்கோ சென்னைக்கோ திரும்பிவிடும். இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்த நாளை முழுக்கப் பட்டறைகளுக்குக் கொடுங்கள்.

நாம் வாழும் வெளிநாட்டு நகரங்களில் ஓவியர்களும் மண்பாண்டம் செய்பவர்களும் வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் தங்கள் பணிக்கூடத்தைத் திறந்து வைத்து ஊராரை அழைக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். குடந்தையைச் சுற்றி அப்படி அழைப்பு எதுவும் வராது. ஆனால் பல பட்டறைகளின் வாசல் தினமும் திறந்துதான் கிடக்கிறது. "கொஞ்சம் பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டால் போதும், ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள்.

முதலில் தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்குப் போய்விட்டு வாருங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார். 1011-ஆம் ஆண்டு செய்த செப்புத் திருமேனி. காளையின் மேல் கையை ஊன்றியிருப்பது போன்ற நிலை. காளை இப்போது இல்லை, கை மட்டும் அதன் நினைவில் நிற்கிறது. அவரைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, சிலை வார்க்கும் ஊரான சுவாமிமலை போனால், அங்கே நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் பொருள் புரியும். தஞ்சையிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து சுவாமிமலை பக்கம்தான்.

முருகன் கோயிலில் 60 படி ஏறி இறங்கியதும் தெருக்களில் நடந்தே பாருங்கள். அரம் ராவும் சத்தம் வழிகாட்டும். சிலை முதலில் மெழுகில் பிறக்கிறது. மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, கைச்சூட்டிலேயே வளைகிற பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அளவுக்கு ஒரு தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதையே மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். முகம் ஒரு பங்கு என்றால் மார்பு எத்தனை, தொடை எத்தனை என்பதெல்லாம் அந்த மடிப்பில் இருக்கிறது. தாளக் கணக்கு என்பார்கள். என் மகள் வெகுநேரம் அசையாமல் பார்த்தது அந்த ஓலையைத்தான்.

அதற்கு அப்புறம் மண். இந்தத் தொழில் இந்த ஊரில் நிலைத்ததற்குக் காவிரியின் வண்டல்தான் காரணம் என்று சிலை செய்யும் எந்த ஸ்தபதியும் சொல்வார். மாவு போன்ற அந்த மண்ணைக் கரைத்து முதலில் மெல்லிசாகப் பூசுகிறார்கள். மெழுகில் இருக்கும் ஒவ்வொரு நகமும் ஒவ்வொரு மணியும் அந்த முதல் பூச்சில் பதிய வேண்டும். மேலே கெட்டியான மண், கம்பிக் கட்டு. நிழலில் காய வேண்டும், வெயில் பட்டால் வெடிக்கும். பிறகு வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி வழிந்துவிடும். மிஞ்சிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பெரும்பங்கு செம்பு, பித்தளையும் ஈயமும் சேரும், பொன்னும் வெள்ளியும் துளியளவு. வீட்டிலிருந்து ஒரு பழைய தோடோ மூக்குத்தியோ கொண்டுபோய், உலோகம் உருக்கும் உலைமூசையில் போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. உங்கள் பாட்டி விட்டுச்சென்றது ஏதாவது இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

ஆறியபின் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் இன்னொன்று அதே அச்சில் வராது. வந்தபின் உளி வேலைக்கே வாரக்கணக்கில் ஆகும். இதைப் பார்த்தவர் விலை கேட்டால் பேரம் பேச மாட்டார்.

வார்ப்பு தினமும் நடக்காது. முன்கூட்டியே போன் செய்து எந்த நாளில் ஊற்றுகிறார்கள் என்று கேட்டு, அந்த நாளைச் சுற்றி உங்கள் பயணத்தை அமையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காய நேரம் பிடிக்கும். டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் மார்கழி பிற்பாதியைத் தேர்ந்தால் நல்லது. ஆயுதபூஜையன்று கருவிகளை எடுக்க மாட்டார்கள், வேலை பார்க்கக் கிடைக்காது.

நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு ஒரு மணி நேரம் போதும். அடி, தண்டு, அகல், மேலே அன்னம் என்று தனித்தனியாக மணல் அச்சில் வார்த்துக் கடைந்து, மரை போட்டுச் சேர்க்கிறார்கள். கழற்றலாம் என்பதால் நமக்கு வசதி. துணிகளுக்கு நடுவே சுருட்டி வைத்துவிடலாம். கடையில் வாங்குவதானால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலை எழுதியிருக்கும்.

நரசிங்கம்பேட்டைக்கு அவசியம் போங்கள். ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர். நாம் கல்யாணங்களிலும் கோயில்களிலும் கேட்கும் நாதஸ்வரங்களில் பல இங்கே கடைந்தவை. 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் ஆச்சா என்ற வகை, பச்சை மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் வேண்டும், பல தலைமுறை காய்ந்திருக்க வேண்டும். யாரோ வாழ்ந்த வீட்டின் உத்தரம் இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் ஊதப்படுகிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். குழல் பகுதிக்கு உலவு, கீழே விரிவதற்கு அணசு, ஊதும் இடத்தில் சீவாளி. இந்தச் சொற்களைப் பிள்ளைகள் அங்கேயே கேட்டுக் கற்கட்டும். டி.என்.ராஜரத்தினம் பிள்ளை பிரபலமாக்கிய நீளமான பாரி நாதஸ்வரம் இந்த ஊர்க் கைகளில்தான் உருவானது.

போகும் இடத்தில் சில விஷயங்கள். வேலை நடக்கும் இடத்தில் சாமி படமும் விளக்கும் இருக்கும், செருப்பை வெளியே விடுங்கள். மெழுகு உருவத்தைத் தொடாதீர்கள், விரல்சூடு போதும் அது கெட. போட்டோவுக்குக் கேட்டுவிட்டு எடுங்கள். முடிக்காத சிலையைப் படமெடுக்க சிலருக்கு விருப்பம் இருக்காது. உலோகம் ஊற்றும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவும் வாங்காமல் கிளம்பினாலும் தவறில்லை. ஆனால் அரை நாள் அவர்கள் நேரத்தை எடுத்திருந்தால், சின்ன விளக்கு ஒன்றாவது வாங்குங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும், வெளிநாட்டு அட்டை எல்லா இடத்திலும் செல்லாது.

வாங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே பட்டது. பழசு போலத் தெரிய வேண்டும் என்று கேட்டு, கறுத்த மெருகில் ஒரு சின்ன நடராஜரை வாங்கினேன். விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகளை நாட்டைவிட்டு எடுத்துப்போக 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. என்னுடையது புதுசு என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. பில் பெட்டிக்குள், பெட்டி விமானத்துக்குள். அதிகாரி கேட்டது நியாயம்தான், கோயில் சிலைகள் எத்தனை திருட்டுப் போயிருக்கின்றன.

ஆகவே பளிச்சென்ற மெருகிலேயே வாங்குங்கள். பில்லில் செய்த ஆண்டு, உயரம், எடை எழுதச் சொல்லுங்கள். சிலை மெழுகாக இருந்தபோது எடுத்த படம் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய சிலை என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிவிடுவது நல்லது. வெளிநாட்டுக்கு அடிக்கடி அனுப்பும் பட்டறைக்காரர்களுக்கு அந்த வழி தெரியும். சுவாமிமலைச் சிலை உள்ளே கெட்டி, கனக்கும், அதனால் கப்பலில் அனுப்பும் செலவையும் அங்கேயே பேசிவிடுங்கள். கையோடு எடுத்து வருவதானால் பில்லைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.