உயிருள்ள இலையில் பசுங்கணிகங்களைக் காண்பது எப்படி

தாவரச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தைப் பாடநூலைப் பார்த்து அழகாக வரையும் மாணவர்களில் பலர், உயிருள்ள செல்லில் அதை ஒருமுறைகூடக் கண்டதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். மீன்தொட்டியில் வளரும் ஹைட்ரில்லாக் கொடி ஒன்றும் பள்ளி நுண்ணோக்கி ஒன்றும் இருந்தால் போதும். இதன் இலை இரண்டே செல் அடுக்குகளால் ஆனது என்பதால், சீவி மெல்லியதாக்க வேண்டிய வேலையே இல்லை.

கொடியின் நுனிக்கு அருகிலுள்ள இளம் இலையை இடுக்கியால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் அதே தொட்டி நீரின் ஒரு துளியில் விரித்து வையுங்கள். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பு முதலில் நீரைத் தொடுமாறு சாய்த்து மெல்ல இறக்குங்கள். நேராகப் போட்டால் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். அவற்றின் கரிய வளையத்தைச் செல் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. முதலில் 10 மடங்கு வில்லையில் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு 40 மடங்கு வில்லைக்கு மாறுங்கள்.

செங்கல் அடுக்கியதுபோலச் செல்கள் தெரியும். அவற்றுக்குள் பச்சை மணிகள் இருக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு பசுங்கணிகம். அதன் நீளம் சுமார் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். மணிகளுக்கு இடைப்பட்ட பகுதி நிறமற்றிருப்பதைக் கவனியுங்கள்: இலையின் பச்சை முழுவதும் இவற்றுக்குள்தான் இருக்கிறது. நடு நரம்பை ஒட்டிய செல் ஒன்றில் பார்வையை நிறுத்தி, சில நிமிடங்கள் பொறுமையாகக் காத்திருந்தால், மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்சுவரை ஒட்டி நகர்வதைக் காணலாம். செல்லின் நடுவிடத்தை, நீர்மம் நிறைந்த பெரிய பையான நுண்குமிழ் அடைத்துக்கொண்டிருக்க, ஓரமாகச் சுற்றியோடும் சைட்டோபிளாசம் என்னும் செல் கூழ்மம் அவற்றை ஏந்திச் செல்கிறது. இந்தக் காட்சிக்காகவே இவ்வளவும் செய்யலாம்.

மணியின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவை. இரட்டைச் சவ்வுக்குள் ஸ்ட்ரோமா என்னும் கூழ்மமும், அதனுள் தைலக்காய்டு என்னும் தட்டையான சவ்வுப் பைகளும் உள்ளன; இப்பைகள் காசு அடுக்கியதுபோல அமைந்த இடங்களே கிரானா. தைலக்காய்டுச் சவ்விலுள்ள பச்சையம் ஒளியை ஈர்க்க, நீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. உடன் உருவாகும், ஆற்றலை ஏந்திச் செல்லும் மூலக்கூறுகளான ஏடிபி, என்ஏடிபிஎச் ஆகியவற்றைக் கொண்டு ஸ்ட்ரோமாவில் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாற்றப்படுகிறது.

அந்த ஆக்சிஜனையும் காண விரும்பினால், மீதிக் கொடியின் தண்டை நறுக்கி, வெட்டுமுனை மேல்நோக்கியிருக்குமாறு நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் அமிழ்த்தி, சமையல் சோடா ஒரு சிட்டிகை கலந்து வெயிலில் வையுங்கள். சிறிது நேரத்தில் வெட்டுமுனையிலிருந்து குமிழிகள் சரமாக எழும். குவளையை நிழலுக்கு நகர்த்தினால் அவற்றின் வேகம் குறையும்.