காட்டுயிர் காணும் பயணத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பது எப்படி? குமரி மாவட்டத்திலிருந்து முதன்முறை புறப்படுவோருக்கான செய்முறை விளக்கம்

விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் காட்டிலேயே காண வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் யோசனை கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை கடைசியில் தானாகவே வந்துவிடும். எந்த உயிரைக் காண விரும்புகிறீர்கள், அது எந்த மாதத்தில் எங்கே கூடுகிறது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டால், நாடும் ஊரும் விடுதியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும். இந்த வரிசையை மாற்றிச் செய்து ஒரு முறை நான் பட்ட பாட்டையும் கீழே எழுதியிருக்கிறேன்.

முதற்படி: ஊர்க் குளத்தில் ஒரு காலைப்பொழுது

பணம் கட்டுவதற்கு முன், டிசம்பர் அல்லது ஜனவரி மாதத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன்பே தேரூர்க் குளக்கரைக்கோ மணக்குடிக் காயலுக்கோ சென்று இரண்டு மணி நேரம் இருந்து பாருங்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டவை. உலகம் மதிக்கும் ஒரு பறவைத்தலம் நம் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தொலைவில் இருக்கும்போது, பயிற்சிக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

தேரூரில் தாமரை இலைகளின்மேல் இலைக்கோழி நடப்பதை ஒரு முறையாவது நின்று கவனியுங்கள். அதன் கால்விரல்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமானவை. உடலின் எடையை அவை இலை முழுவதும் பரப்பிவிடுவதால், இலை சற்றே அமிழ்ந்து ஓரத்தில் நீர் ஏறினாலும் பறவை மூழ்குவதில்லை. அடுத்த இலைக்குக் கால் வைக்கும் முன் அது ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பார்ப்பதற்காகக் கால் மணி நேரம் அசையாமல் நிற்க உங்களால் முடிகிறதா, உடன் வந்த பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்துக்கொள்கிறார்களா, உங்கள் கண் பறவைகளைத் தேடுகிறதா, அல்லது யானையைப் போன்ற பெரிய உருவத்துக்காக ஏங்குகிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். வெளிநாட்டுக் காட்டில் நாள் ஒன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் நீங்கள் செய்யப்போவதும் இதே காரியம்தான்.

இரண்டாம் படி: ஓர் உயிரை முதன்மையாகக் குறித்துக்கொள்ளுதல்

சிங்கம், புலி, திமிங்கிலம், கொரில்லா எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்று நினைத்தால், எதையும் நிறைவாகப் பார்க்க முடியாது. ஒன்றை முதன்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை வழியில் கிடைத்தால் கிடைக்கட்டும். அது வாழும் இடங்கள் எவை என்று அடுத்ததாகப் பாருங்கள். ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழ்வது குஜராத்தின் கிர் பகுதியிலும் அதைச் சுற்றியும் மட்டுமே. ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தைக் காண அசாமின் காசிரங்காவை விடச் சிறந்த இடம் இல்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. வரையாட்டைத் தேடி எந்த விமானமும் ஏற வேண்டாம். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய விலங்கு.

மூன்றாம் படி: பள்ளி விடுமுறையையும் விலங்கின் பருவத்தையும் பொருத்துதல்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கென்யாவின் மசாய் மாரா காட்டுயிர்க் காப்பகத்துக்குச் செல்ல ஒரு பயண ஏற்பாட்டாளர் வழியாகப் பணம் கட்டினேன். "எந்த மாதம் போனாலும் விலங்கு இருக்கும், சார்" என்று அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம் என்பதை நானாகத் தேடிப் பார்க்கவில்லை. மே முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்தபோது புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. கோவில்பட்டிப் பக்கத்தில் நாம் பார்த்திருக்கும் கரிசலைப் போன்ற கறுப்பு மண்ணில் ஜீப் புதைந்து, இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும் வரை இரண்டரை மணி நேரம் உள்ளேயே அமர்ந்திருந்தோம். சக்கரத் தடத்தின் ஓரத்தில் ஒரு சாணவண்டு தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு ஏறியது; மேட்டின் விளிம்பில் உருண்டை நழுவி விழுந்தது; அது இறங்கி வந்து மீண்டும் தள்ளியது. அந்தப் பயணத்தில் என் மகளுக்கு இன்றும் நினைவிருப்பது அந்த வண்டுதான். ஆனால் நாங்கள் காணச் சென்ற நூ மந்தை, அதாவது வைல்டுபீஸ்ட் கூட்டம், அந்த மாதத்தில் எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் செரெங்கெட்டியில் இருந்தது.

பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்த விலங்குகள் மழையையும் புதுப்புல்லையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை செரெங்கெட்டியின் தென்பகுதியில் கன்று ஈனுகின்றன. ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றைக் கடக்கும் பகுதியில் இருக்கின்றன. ஆகவே நமது காலாண்டுத் தேர்வு விடுமுறையான செப்டம்பர் கடைசியில் சென்றால் மசாய் மாராவில் அவற்றைக் காணும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. கோடை விடுமுறையில் அந்த வாய்ப்பு இல்லை.

பிற இடங்களையும் நமது மூன்று விடுமுறைகளோடு இதே முறையில் பொருத்திப் பார்க்கலாம்.

கோடை விடுமுறைக்கு இந்தியக் காடுகளே ஏற்றவை. ஏப்ரல், மே மாதங்களில் காட்டின் உள்ளே நீர் வற்றிவிடுவதால், கர்நாடகத்தின் கபினி நீர்த்தேக்கத்தின் கரைகளில் முளைக்கும் பசும்புல்லைத் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருகின்றன. ஒரு தாய் யானை புல்லைத் தும்பிக்கையால் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண் உதிரும்படி முன்னங்காலில் இரண்டு முறை அடித்துவிட்டு வாயில் போடுவதையும், பக்கத்தில் நின்ற குட்டி அதே செயலை அரைகுறையாகச் செய்து பார்ப்பதையும் அங்கே படகிலிருந்து பார்த்தேன். நாகர்கோவிலிலிருந்து பெங்களூருக்குத் தொடர்வண்டியில் சென்று, அங்கிருந்து மைசூர் வழியாகப் போய்விடலாம் என்பதால், முதல் பயணத்துக்கு நான் கபினியையே பரிந்துரைக்கிறேன். புலியே வேண்டும் என்றால் மகாராட்டிரத்தின் தடோபா இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு வண்டியில் நாக்பூரில் இறங்கிச் சாலை வழியாகச் செல்லலாம். வெயில் 40 பாகையைத் தாண்டும். ஆனால் அந்த வெயில்தான் புலியை நீர்நிலைக்கு அழைத்து வருகிறது.

காலாண்டு விடுமுறைக்கு இலங்கை மிக நெருக்கம். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு செல்லும் நேரம் நாகர்கோவிலிலிருந்து மதுரை செல்லும் நேரத்தை விடக் குறைவு. ஆனால் சிறுத்தைக்குப் பெயர் பெற்ற யாலா தேசியப் பூங்காவின் முதற்பிரிவு வழக்கமாகச் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாக மின்னேரியாவுக்குச் செல்லுங்கள். மகாசேன மன்னன் கட்டிய அந்தப் பழைய குளத்தில் நீர் வற்றி, குளத்தடியில் புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கான யானைகள் ஒன்றுகூடுகின்றன. நீர் வற்றியிருக்கிறதா என்பதைப் புறப்படும் முன் அங்குள்ள விடுதியில் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

அரையாண்டு விடுமுறைக்கு, அதாவது சுசீந்திரத்தில் மார்கழித் தேர் ஓடும் நாள்களை ஒட்டி, இலங்கையின் தென்கரையில் மிரிசா ஏற்றது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடல் அமைதியாக இருக்கும். கரைக்கு அருகிலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுவதால், உலகின் மிகப் பெரிய உயிரான நீலத் திமிங்கிலத்தைக் காலையில் படகேறி நண்பகலுக்குள் பார்த்துவிட்டுத் திரும்ப முடிகிறது. காசிரங்காவும் இதே பருவத்தில் திறந்திருக்கும். கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் விவேக் விரைவு வண்டி 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி குவாகாத்தி வழியாகத்தான் செல்கிறது. ஆனால் போக மூன்று நாள், வர மூன்று நாள் என்றால் காட்டுக்கு மிஞ்சுவது என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: உடலையும் பணத்தையும் அளந்து பார்த்தல்

ஜீப் பயணம் எளிதாகத் தோன்றும். ஆனால் முதுகுவலி உள்ளவர்களுக்கு அது கடினம். வண்டியை விட்டு இறங்க அனுமதி இல்லாத காடுகளில் சிறுநீர் கழிக்கக்கூட மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உகாண்டாவின் புவிண்டிக் காட்டில் மலைக் கொரில்லாவைக் காண்பதற்கு, செங்குத்தான ஈரச் சரிவுகளில் பல மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். மருந்துவாழ் மலையின் உச்சிவரை நிதானமாக ஏறி இறங்க முடிகிறவர் அதைப் பற்றி யோசிக்கலாம். பாதியில் மூச்சு வாங்கினால், முதலில் சில மாதங்கள் நடந்து பழகுங்கள். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஒரு கூட்டத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். அந்த அனுமதிச் சீட்டுக்கு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர். தொகை பெரிதுதான், ஆனால் கொரில்லாக்களுக்கு நம் நோய்கள் எளிதில் தொற்றும் என்பதால், ஆள் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதை நான் மனமார ஏற்கிறேன்.

நுழைவுக் கட்டணமும் மாதத்துக்கு மாதம் மாறும். மசாய் மாராவில் 2024-ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டவருக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 டாலர். பணம் போதவில்லையென்றால் இடங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், நாள்களைக் குறைக்காதீர்கள். ஒரே காட்டில் மூன்று இரவு தங்கினால் காலையும் மாலையுமாக ஐந்தாறு முறை உள்ளே செல்லலாம். மூன்று காடுகளில் ஒவ்வோர் இரவு தங்கினால் பெரும்பொழுது சாலையிலேயே கழியும்.

ஐந்தாம் படி: ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை

ஜீப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் சன்னலோர இருக்கை உண்டா, பூங்காக் கட்டணம் சொன்ன தொகைக்குள் அடங்குமா, நாங்கள் செல்லும் மாதத்தில் அந்தக் காட்டில் மழை எப்படி என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். ஐந்தாவதாக, விலங்கு நெருங்கி வராவிட்டால் ஓட்டுநர் என்ன செய்வார் என்று கேளுங்கள். "துரத்திக் காட்டுவோம்", "பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்போம்" என்று விடை வந்தால் அவரை விட்டுவிடுங்கள். யானைமேல் சவாரி, புலிக்குட்டியோடு படம் என்று விளம்பரம் செய்யும் இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். அந்தக் குட்டி தாயிடமிருந்து பிரிக்கப்பட்டால்தான் உங்கள் மடிக்கு வர முடியும். மீட்பு மையம் என்ற பெயருக்கு உண்மையாக நடக்கும் இடங்களும் இருக்கின்றன. மலேசியாவின் சபா மாநிலத்தில் 1964-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செபிலோக் மையத்தில், தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளுக்கு மரமேறப் பழக்கிக் காட்டில் விடுகிறார்கள். பார்வையாளர்கள் எட்ட நின்றே பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: ஊசியும் பெட்டியும்

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து திரும்பும்போது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்தில் உங்களைத் தனிமைப்படுத்தி வைக்கலாம். அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசியைப் போடுவார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு வாழ்நாள் முழுவதும் அது போதும். மலேரியாவுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் வாங்குவதென்றால், அதன் உடலில் 8x42 என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும். 42 மில்லிமீட்டர் முன்வில்லை விடியற்காலை மங்கலிலும் போதிய ஒளியைத் தரும். பன்னிரண்டு மடங்கு பெருக்கும் கருவி கை நடுக்கத்தையும் பெருக்கிவிடும். வீட்டுக்கு ஒன்று என்பதைவிட ஆளுக்கு ஒன்று என்றிருப்பது நல்லது. பறவை பறந்துபோகும் முன் கை மாற்ற முடியாது. உடைகளில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம். அந்த நிறங்கள் இரத்தம் உறிஞ்சும் ஆப்பிரிக்காவின் செட்சி ஈக்களை ஈர்க்கும். கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017-ஆம் ஆண்டு முதல் தடை இருப்பதால், வழக்கம்போல நேந்திரங்காய் வற்றலைக் கடையில் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையோடு எடுத்துச் செல்லாமல், ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, மூடியைத் துணியால் இறுகக் கட்டிப் பெட்டியில் வையுங்கள்.