கிமாராஸ் மாம்பழத் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு

பிலிப்பைன்ஸின் கிமாராஸ் தீவில் மங்கஹான் திருவிழா வழக்கமாக மே மாதம். இலோய்லோ நகரிலிருந்து மோட்டார் படகில் சுமார் கால் மணி நேரம். பையில் மாம்பழம் இருந்தால் படகேறும் முன்பே தின்று முடியுங்கள். கொட்டையையும் சதையையும் துளைக்கும் வண்டு வந்துவிடும் என்று வெளிப்பழத்தைத் தீவுக்குள் விடமாட்டார்கள்.

கட்டணம் கட்டி, வேண்டிய மட்டும் தின்னும் பந்தலில் நேரம் கொஞ்சம்தான். காம்போரம் முகர்ந்து மணக்கும் பழமாக எடுங்கள். காம்புப் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும், கழுவிவிடுங்கள். கொட்டை தட்டை, பழத்தை விளிம்பில் நிறுத்தி இரு கன்னங்களையும் சீவி, கரண்டியால் வழித்துத் தின்னலாம். தோலுரிக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும்.

காயாக வாங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் உப்பு கரைத்துப் போட்டுப் பாருங்கள். முற்றியது மூழ்கும். மிதப்பது பிஞ்சு, பழுக்காமல் சுருங்கிப் புளிக்கும். பழுக்கும்வரை குளிர்பெட்டி வேண்டாம்: 12 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்து, இனிப்பு ஏறாது. விமானத்தில் ஊர் திரும்புபவர்களுக்கு உலர்த்திய மாம்பழமே தொல்லையில்லாதது.